இரண்டாவது சிஸ்டத்தில் இருந்த சாவி

அந்தப் பெண் முருகன் மேல் சத்தியம் செய்தபோது நான் அவளுக்கு இரண்டடி தள்ளி, கல்லாவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அவள் சொன்னது உண்மையில்லை என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அதை உண்மையில்லாமல் ஆக்கியதே நான்தான். வருஷங்கள் எத்தனையோ ஓடிவிட்டன. இப்போதும் சில நாள் காலையில் விபூதித் தட்டில் விரலை வைத்தால் எடுக்க வராமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிடுகிறேன். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

கொடைக்கானலில் ஏழு ரோட்டிலிருந்து கொஞ்சம் கீழே இறங்கினால் எங்கள் கடை. முதலில் எஸ்.டி.டி. பூத்தாக இருந்தது. பிறகு ஜெராக்ஸ், ஃபேக்ஸ் வந்தது. கடைசியில் ஐந்து கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டு பிரௌசிங் சென்டர் ஆக்கினோம். வீட்டுக்காரர் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறார், கடை என் பொறுப்பு. நான் ஒன்பதாவதோடு நின்றவள். கம்ப்யூட்டரை யாரும் எனக்கு உட்கார்த்திவைத்துச் சொல்லித்தரவில்லை. வருகிறவர்களுக்குப் பின்னால் நின்று பார்த்துப் பார்த்துப் பழகிக்கொண்டதுதான்.

பொம்பளை நடத்துகிற கடை என்பதால் பெண்பிள்ளைகளை வீட்டில் பயமில்லாமல் அனுப்புவார்கள். ரிசல்ட் பார்க்க வருவார்கள், அப்ளிகேஷன் போட வருவார்கள், துபாயில் இருக்கிற புருஷனுக்கு மெயில் அனுப்ப வருவார்கள். முக்கால்வாசிப் பேர் பாஸ்வேர்டை மறந்துவிட்டுத்தான் வருவார்கள். அதனால் ஒரு நோட்டில் எல்லாருடைய பேரையும் பாஸ்வேர்டையும் நானே எழுதிவைத்திருந்தேன். "யக்கா, என்னோடது என்னக்கா?" என்று கேட்பார்கள். நோட்டைப் புரட்டிச் சொல்வேன். அது தப்பு என்று எனக்கும் தோன்றவில்லை, அவர்களுக்கும் தோன்றவில்லை. ஊர்ப் பிள்ளைகள் ரகசியம் முழுக்க என் மேஜை டிராயரில் இருக்கிறது என்பதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

இன்னொரு பழக்கமும் எனக்கு இருந்தது. எங்கள் ஊரில் ஐப்பசி மழையில் இடி விழுந்தால் முதலில் போவது டெலிபோன் லைனும் மோடமும்தான். ஒரு தடவை அப்படி விழுந்ததில் இரண்டு கம்ப்யூட்டர் செத்துப்போனது. அதில் ஒன்றில் ஒரு காலேஜ் பிள்ளை நாலு மாதம் அடித்துவைத்திருந்த புராஜெக்ட் இருந்தது. அந்தப் பிள்ளை கடை வாசலில் உட்கார்ந்து அழுததை என்னால் பார்க்க முடியவில்லை. அதற்குப் பிறகு, கஸ்டமர் யார் எதை எந்த சிஸ்டத்தில் வைத்தாலும், சனிக்கிழமை சாயந்திரம் நான் அதை இன்னொரு சிஸ்டத்திலும் ஒரு பென்டிரைவிலும் காப்பி எடுத்துவிடுவேன். யாரும் எடுக்கச் சொன்னதில்லை. எடுக்கிறேன் என்று நானும் யாரிடமும் சொன்னதில்லை.

அந்தப் பெண் எங்கள் கடைக்கு வந்தது இரண்டாயிரத்து ஒன்பது வாக்கில். இருபத்து நாலு வயசு இருக்கும். அவள் அம்மா சின்னப் பிள்ளையாக சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்தவர். பெரும்பாறைப் பக்கம் காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்தே மகளைத் திண்டுக்கல்லில் கம்ப்யூட்டர் படிக்கவைத்தார். மகளுக்குச் சென்னையில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை கிடைத்து ஒரு வருஷம் ஆகியிருந்தபோது, காப்பிப் பழம் பறிக்கப் போன இடத்தில் அம்மா சறுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. பார்க்க வேறு ஆள் இல்லை. இருவரும் பெருமாள்மலையில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்தார்கள். வேலையை விடாமல் ஊரிலிருந்தே செய்யலாம் என்று கம்பெனிக்காரர்கள் சம்மதித்தார்கள். வீட்டில் நெட் கிடையாது. அதனால் காலை பஸ்ஸில் ஏறி எங்கள் கடைக்கு வந்து, ஜன்னல் ஓரம் இருந்த மூன்றாவது சிஸ்டத்தில் உட்கார்ந்து சாயந்திரம் வரை வேலை செய்வாள். அந்த வேலைதான் அவர்கள் இருவருக்கும் சோறும் மருந்தும்.

அவள் எழுதும் புரோகிராமுக்குக் கோடு என்று பேர், அது எல்லாம் சென்னையில் ஒரு சர்வரில் போய்ச் சேரும். மற்றவர்கள் எழுதியதும் அங்கேதான் இருக்கும். அதை எடுக்கவும் வைக்கவும் முதலில் பாஸ்வேர்டு இருந்தது. ஒரு நாள் அவள் திரையில் கருப்பாக ஒரு ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு என்னவோ அடித்துக்கொண்டிருந்தாள். நான் வழக்கம்போல் பின்னால் போய் நின்றேன்.

"என்ன பாப்பா, கருப்பா ஒண்ணத் தொறந்து வெச்சுட்டு உக்காந்திருக்க?"

"சாவி செய்றேங்க்கா."

"பட்டறைக்குப் போகாமயா?"

சிரித்தாள். "எஸ்.எஸ்.எச். கீன்னு பேருக்கா. இனிமே பாஸ்வேர்டு வேணாமாம், இதுதானாம். இந்தா பாருங்க, ரெண்டு பைலு வந்திருச்சு. இத சென்னைக்கு அனுப்பிருவேன். அவுங்க சர்வர்ல மாட்டி வெப்பாங்க, பூட்டு மாதிரி. அத எவன் பாத்தாலும் ஒண்ணுமில்ல. இன்னொண்ணு இருக்குல்ல, அதான் சாவி. அது இந்த சிஸ்டத்துலயே கெடக்கணும். இத விட்டு வெளிய போகவே கூடாது."

"நம்ம கடையில யாரு வந்து எடுக்கப் போறா."

"அந்தத் தைரியத்துலதாங்க்கா இங்க வெக்கிறேன்."

பூட்டை மெயிலில் அனுப்பினாள். அரைமணி நேரத்தில் மாட்டியாயிற்று என்று சென்னையிலிருந்து போன் வந்தது. அவள் ஒரு வரி அடித்தாள். கருப்பு ஜன்னலில் எழுத்துகள் மடமடவென்று ஓடின. கோடு மொத்தமும் இறங்கிவிட்டது என்றாள். பிறகு டெஸ்க்டாப்பில் ஒரு சின்ன ஐகான் செய்துவைத்துக்கொண்டாள். அதை இரண்டு தட்டுத் தட்டினால் தானே சென்னைக்குப் போய், புதிதாக வந்திருப்பதை எடுத்துக்கொண்டு வரும். காலையில் வந்ததும் முதல் வேலை அந்தத் தட்டல்தான். நான் அதற்குத் திருப்பள்ளியெழுச்சி என்று பேர் வைத்திருந்தேன். "என்ன, பெருமாள் எந்திரிச்சிட்டாரா?" என்பேன். "எந்திரிச்சு காப்பி குடிக்கிறாருக்கா" என்பாள்.

அந்த வாரம் சனிக்கிழமை அவள் போன பிறகு நான் மூன்றாவது சிஸ்டத்தில் உட்கார்ந்தேன். அவளுடைய போல்டர் எல்லாவற்றையும், அந்தச் சாவி இருந்த போல்டரையும், ஐகானையும் சேர்த்து இரண்டாவது சிஸ்டத்தில் அதே இடத்தில் அப்படியே வைத்தேன். பென்டிரைவிலும் ஒன்று. சீசன் வருகிறது, கூட்டத்தில் மூன்றாவது சிஸ்டம் கெட்டுக் கிடந்தால் அவள் வேலை நிற்கக்கூடாது என்று நினைத்தேன். அது நிஜம். வெளியே என்றால் கடைக்கு வெளியே என்றுதான் அர்த்தம் என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழு நிஜம் இல்லை. அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாமா என்று தோன்றியது. கேட்டால் வேண்டாம் என்பாள் என்றும் தோன்றியது. அதனால்தான் கேட்கவில்லை.

இரண்டாவது சிஸ்டத்தில் ஐகானைத் தட்டிப் பார்த்தேன். ஓடியது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். என்றைக்காவது அவள் சிஸ்டம் படுத்துக்கொண்டால், "இங்க வந்து உக்காரு பாப்பா" என்று சொல்லி அசத்த வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

படுத்துக்கொண்டது இரண்டாவது சிஸ்டம். ஸ்விட்ச் போட்டால் ஒரு சத்தம், பிறகு ஒன்றுமில்லை. வத்தலக்குண்டில் ஒரு சர்வீஸ்காரத் தம்பி இருந்தார், நல்ல ஆள். வீட்டுக்காரர் கீழே சவாரி போகும்போது வேனில் வைத்து அவரிடம் கொடுத்துவிட்டார். செவ்வாய்க்கிழமை அந்தத் தம்பியே கொண்டுவந்து மாட்டினார்.

"பவர் சப்ளை போயிருந்துச்சுக்கா. மாத்தியாச்சு. நேத்து எங்க கடை நெட்ட மாட்டி எல்லா ஐகானையும் தட்டிப் பாத்துட்டேன். ஜோரா ஓடுது."

"எல்லாத்தையுமா?"

"பின்ன, அரைகுறையா பாத்துட்டு கொண்டாந்து குடுத்தா நீங்க சும்மா விடுவீங்களா? ஒண்ணத் தட்டுனா மட்டும் கருப்பா ஒரு பெட்டி தொறந்து மடமடன்னு என்னமோ எறங்குச்சு. வைரஸோன்னு ஆடிப் போயிட்டேன்."

நானும் சிரித்தேன். சத்தியமாக அப்போது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அந்தப் பெண் காதில் ஹெட்போனோடு மூன்றாவது சிஸ்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம் அவள் செல்லுக்குப் போன் வந்தது. கடைக்குள் சிக்னல் சரியாகக் கிடைக்காது என்பதால் கல்லாப் பக்கம் வந்து நின்று பேசினாள். அந்தப் பக்கம் பேசியவர் குரல் எனக்குப் பாதி கேட்டது.

"திங்கக்கிழமை மூணு மணிக்கா? நான் இங்கதான் சார் இருந்தேன், கடையில... வேற லைன்ல இருந்தா? இல்ல சார், சான்ஸே இல்ல... யாருக்கும் குடுக்கல சார். வேற கம்பெனிக்கெல்லாம் நான் எதுவும் பண்ணல. என்ன சார் இப்டிக் கேக்குறீங்க?"

திங்கட்கிழமை என்ற வார்த்தை காதில் விழுந்ததும் நாளை எண்ணிப் பார்த்தேன். சர்வீஸ்காரத் தம்பி நேத்து தட்டிப் பார்த்தேன் என்று சொன்னது செவ்வாய்க்கிழமை. அவள் சாவி, அவருடைய லைனிலிருந்து போய் சென்னைக் கதவைத் திறந்திருக்கிறது. புதிதாக வந்திருந்த கோடு அங்கே இறங்கியிருக்கிறது. இவளே யாருக்கோ திறந்துவிட்டாள் என்று அவர்கள் நினைக்கிறார்கள்.

போனில் இருந்தவர் மறுபடியும் என்னவோ கேட்டார்.

"சார், எங்க முருகன் மேல சத்தியமா, அது இந்த சிஸ்டத்த விட்டு எங்கயும் போகல."

அவர் சத்தியம் கேட்கவேயில்லை. இவளாகச் செய்தாள். என் தலைக்கு மேல் பழனியாண்டவர் படம் மாட்டியிருந்தது. அவரைப் பார்த்துத்தான் சொன்னாள். ஆனால் நான் நின்ற இடத்துக்கு அவள் என்னைப் பார்த்துச் சொன்னதுபோல் இருந்தது.

போனைக் குடு பாப்பா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். வாய் திறந்தேன். ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒருவர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். "ரெண்டு பக்கமும் எடுக்கணுங்களா?" என்று அவரிடம் கேட்டேன்.

அவள் திரும்பிப் போய் ஐகானைத் தட்டினாள். அனுமதி இல்லை என்று இங்கிலீஷில் ஒரு வரி வந்து நின்றது. மறுபடி தட்டினாள். ஒரு பத்துத் தடவை தட்டியிருப்பாள்.

"கதவ மூடிட்டாங்கக்கா" என்றாள். "விசாரிச்சு முடிக்கிற வரைக்கும் வேல கெடையாதாம்."

"எல்லாம் சரியாப் போயிரும் தாயி" என்றேன். அந்த வாயால் எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவள் பஸ்ஸுக்குப் போன பிறகு இரண்டாவது சிஸ்டத்தில் அந்த போல்டரையும் ஐகானையும் அழித்தேன். பென்டிரைவில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு அலமாரியில் பூட்டினேன். சிஸ்டத்தில் இருப்பதை யாராவது பார்த்துவிடுவார்கள் என்ற பயம்தான்.

மறுநாள் காலையில் வீட்டுக்காரர் வேன் கழுவிக்கொண்டிருக்கும்போது அவரிடம் சொன்னேன். ஹோஸைப் பிடித்துக்கொண்டே கேட்டார்.

"இப்ப என்னங்கிற?"

"சொல்லிறலாமுன்னு பாக்குறேங்க."

"சொன்னா? ஊர்ப் புள்ளைக பாஸ்வேர்டு பூராம் நீ நோட்டுப் போட்டு வெச்சிருக்க. ஒண்ணு தெரிஞ்சா எல்லாந் தெரியும். நாளைக்கு ஒரு புள்ளைய அனுப்புவாங்களா நம்ம கடைக்கு? அது படிச்ச புள்ள, வேற வேல கெடைக்கும். நம்மளுக்கு வேற கட எங்கருந்து கெடைக்கும்?"

"அது சாமி மேல சத்தியம் பண்ணிருச்சுங்க."

"நீயா பண்ணச் சொன்ன? சோலியப் பாரு போ."

அவரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு மனசு லேசானது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

அன்று வெள்ளிக்கிழமை. வாராவாரம் போவதுபோல் குறிஞ்சியாண்டவர் கோயிலுக்குப் போனேன். பனி இல்லாமல் வெட்டவெளியாக இருந்தது, கீழே பழனிமலை பொட்டுப்போல் தெரிந்தது. எல்லாரும் அந்தப் பக்கம் பார்த்துக் கும்பிட்டார்கள். நான் உள்ளே போய் அர்ச்சனைத் தட்டை நீட்டினேன். குருக்கள் பேர், நட்சத்திரம் கேட்டார். அந்தப் பெண்ணின் பேரைச் சொன்னேன்.

"நட்சத்திரம்?"

எனக்குத் தெரியவில்லை. அவள் சாவியை எடுத்து இரண்டு இடத்தில் வைத்தவளுக்கு அவள் நட்சத்திரம் தெரியவில்லை. "சாமி பேருக்கே பண்ணிருங்க" என்று சொல்லிவிட்டு, விபூதி வாங்காமல் வெளியே வந்துவிட்டேன். அப்படி ஒரு நாளும் வந்ததில்லை.

சனிக்கிழமை அவள் ஒரு கடிதம் டைப் அடித்துக்கொண்டு என்னிடம் வந்தாள். கம்பெனியில் கேட்டிருக்கிறார்கள். கடை ஓனர் கையெழுத்துப் போட்டு, சீல் வைத்து ஃபேக்ஸ் அனுப்ப வேண்டுமாம். நான் எழுத்துக் கூட்டி வாசித்தேன். இவர் எங்கள் நிலையத்தில் மூன்றாவது கணினியை மட்டுமே பயன்படுத்துகிறார், அதிலிருந்து எந்த நகலும் வேறு எங்கும் எடுக்கப்படவில்லை என உறுதி கூறுகிறேன் என்று தமிழிலும், அதற்குக் கீழே இங்கிலீஷிலும் இருந்தது.

"சரியா இருக்காக்கா? ஏதாச்சும் மாத்தணுமா?"

"சரியாத்தான் இருக்கு."

"கஷ்டமா இருந்தா வேணாங்க்கா. உங்க பேரு வருதுல்ல."

"குடு" என்று வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். கோணலாக விழுந்தது. அவள் அதைக் குளிரால் என்று நினைத்துக்கொண்டு ஜன்னலைச் சாத்தினாள். சீல் வைத்தேன். என் கையாலேயே ஃபேக்ஸில் சொருகி, நம்பர் போட்டு அனுப்பினேன். போய்ச் சேர்ந்தது என்று சின்னச் சீட்டு வந்தது. அதைக் கிழித்து அவள் கையில் கொடுத்தேன். பத்திரமாக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டாள்.

முதலில் செய்தது புத்தி இல்லாமல் செய்தது. சும்மா நின்றது பயத்தில் நின்றது. இது இரண்டும் இல்லை. இது தெரிந்தே செய்தது.

திங்கட்கிழமை காலை வெள்ளனே வந்துவிட்டாள். சென்னையிலிருந்து பதில் வரவில்லை, போன் வந்தால் எடுக்க வேண்டும் என்று கடையிலேயே உட்கார்ந்துகொண்டாள். பையிலிருந்து ஒரு தூக்குப் போணியை எடுத்து என் மேஜையில் வைத்தாள்.

"அம்மா குடுத்து விட்டுச்சுங்க்கா. தேங்காய் ரொட்டி, மொளகா இடிச்ச கட்டச்சம்பல். கட்டையை ஊனிக்கிட்டே அடுப்படியில நின்னு சுட்டுச்சு. நான் வேணாமுன்னேன், கேக்கல. 'அந்தக்கா கையெழுத்துப் போட்டுருக்கு, ஒறவுக்காரங்ககூட போட மாட்டாங்க'ன்னுச்சு."

அன்றைக்குக் கிருத்திகை. நான் சாயந்திரம் வரை பச்சைத் தண்ணீர்தான். "இன்னைக்கு விரதம் பாப்பா" என்றேன்.

"அப்ப சாயந்திரம் சாப்பிடுங்க. கெட்டுப் போகாது. ஒரே ஒரு வாய், அம்மா கேக்கும்."

தூக்குப் போணி சூடாக இருந்தது. அதன் மேல் கையை வைத்தேன். எடுக்க முடியவில்லை. விரதம் இருக்கிற வாய் இது, இந்த வாயால்தானே சும்மா இருந்தேன் என்று நினைத்தேன். அதற்கு மேல் தாங்கவில்லை.

"பாப்பா, அந்தச் சாவிய நான் காப்பி எடுத்தேன்."

அவளுக்குப் புரியவில்லை. முதலில் சிரிக்கத்தான் செய்தாள். நான் நிறுத்தவில்லை. இரண்டாவது சிஸ்டம், பென்டிரைவ், வத்தலக்குண்டுத் தம்பி, கருப்புப் பெட்டி எல்லாவற்றையும் சொன்னேன். வியாழக்கிழமை போன் பேசும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. விடவில்லை.

அவள் திரும்பி இரண்டாவது சிஸ்டத்தைப் பார்த்தாள்.

"எத்தன எடத்துல இருக்குக்கா இப்ப?"

"பென்டிரைவ்ல மட்டுந்தான். அலமாரில கெடக்கு."

"வேற?"

"வேற இல்ல."

"நெசமா?"

அந்த 'நெசமா' என்னைத் தைத்தது. அதற்கு முன்னால் என்னிடம் அவள் அப்படி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"நான் சாமி மேல சத்தியம் பண்ணேனேக்கா. நீங்க இங்கனதான நின்னீங்க."

"நின்னேன்."

"எங்கம்மா சாமி மேல சத்தியம் பண்ணவே விடாது. புள்ளைக்கு ஆகாதுங்கும். எனக்கு வேற ஒண்ணும் சொல்லத் தெரியாமத்தான் அதச் சொன்னேன்."

"அது ஒன்னையச் சேராது தாயி. என்னையத்தான் சேரும்."

"யாரைச் சேரும்னு நீங்களே பிரிச்சுக்குவீங்களாக்கா?" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

பிறகு போனை எடுத்து சென்னைக்கு அடித்தாள். "சார், நான் சொன்னதும் தப்பு, அந்த லெட்டரும் தப்பு" என்றாள். நான் கை நீட்டினேன். கொஞ்சம் யோசித்துவிட்டுப் போனைக் கொடுத்தாள். அந்த சாரிடம் எனக்குத் தெரிந்த தமிழில் எல்லாவற்றையும் சொன்னேன். முடிந்ததும், "இத வியாழக்கிழமையே சொல்லியிருந்தா ஒரு மணி நேர வேலைங்க. பழைய கீயைத் தூக்கிட்டு புதுசு போட்டிருப்பேன்" என்றார். சாவியோடு ரகசிய வார்த்தை ஒன்று வைத்திருந்தால் வத்தலக்குண்டில் யார் தட்டினாலும் திறந்திருக்காது, அதை ஏன் வைக்கவில்லை என்று பிறகு அவளையும் திட்டினாராம். "இப்ப நீங்க சீல் வெச்ச லெட்டர் என் மொதலாளி மேஜையில இருக்கு. அத நான் என்னன்னு போய்ச் சொல்றது?" என்று என்னிடம் கேட்டார்.

என் பேரைச் சொல்லுங்க சார் என்று மட்டும் சொன்னேன்.

அவள் பென்டிரைவை வாங்கிக்கொண்டாள். கிளம்பும்போது தூக்குப் போணியை எடுத்துக்கொள்வாளோ என்று பார்த்தேன். எடுக்கவில்லை. சாயந்திரம் விளக்கேற்றிவிட்டு அந்த ரொட்டியை நான் சாப்பிட்டேன். எறிந்தால் அது இன்னொரு பாவம். சம்பல் காரம் கண்ணில் நீர் வரவைத்தது. காரம்தான் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

பதினைந்து நாள் அவள் கடைப்பக்கம் வரவில்லை. போன் செய்ய எனக்குத் துணிச்சல் இல்லை. அந்த நாட்களில் நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு, வருகிற பிள்ளைகளிடம் அவரவர் வரியைக் கத்தரித்துக் கொடுத்தேன். நான் இதை எழுதிவைத்தது தப்பு, பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளுங்கள் என்றேன். "இத நான் எங்கக்கா வெக்கிறது, ஒங்ககிட்டயே கெடக்கட்டும்" என்று பாதிப் பேர் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார்கள். இரண்டு வீட்டில் மட்டும் விஷயம் கேட்டுப் பிள்ளைகளை அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். அது நியாயம்தான்.

பிறகு ஒரு நாள் பஸ்ஸில் வந்து இறங்கினாள். தோளில் ஒரு பெரிய கருப்புப் பை. கம்பெனியில் பழைய லேப்டாப் ஒன்றைக் கூரியரில் அனுப்பியிருக்கிறார்கள். இனி அதில் மட்டும்தான் வேலை, கடை சிஸ்டத்தைத் தொடக்கூடாது, இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேலை இல்லை என்று எழுதி வாங்கிக்கொண்டார்களாம். பெருமாள்மலையில் எங்கேயும் நெட் கிடைக்காததால்தான் இங்கே வந்திருக்கிறாள். என்னைப் பார்க்க வரவில்லை. எனக்கு அது தெரியும். ஆனாலும் அவள் வேலை நின்றுவிடவில்லை என்று கேட்டதும் போய் ஜன்னல் ஓரத்து மேஜையைத் துடைத்தேன்.

"ஒரு நெட் வயரு மட்டும் குடுங்கக்கா" என்றாள். கொடுத்தேன். ஜன்னல் ஓரத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பெருமாள் எந்திரிச்சிட்டாரா என்று நான் கேட்கவில்லை. கருப்பு ஜன்னலைத் திறந்து, புதுச் சாவி செய்ய ஆரம்பித்தாள். கால் பழக்கத்தில் நான் அவளுக்குப் பின்னால் போய் நின்றுவிட்டேன்.

அவள் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். திரும்பாமலே சொன்னாள்.

"அக்கா, ரகசிய வார்த்தை போடணும். கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கிறீங்களா?"

மரியாதையாகத்தான் கேட்டாள். நான் திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றேன். கீபோர்டு தட்டும் சத்தம் ஆரம்பித்தது. எத்தனை எழுத்து என்று என் காது தானாக எண்ணப் பார்த்தது. எண்ணிவிடக்கூடாது என்று முருகா முருகா என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே நின்றேன். சத்தம் நின்ற பிறகும் அவள் சொல்லும் வரை நான் திரும்பவில்லை.